பக்கவாதமும் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியும்

பக்கவாதத்தைப் பற்றி இப்பொழுது ஒரு புது வாதம் கிளம்பியிருக்கிறது. வைத்தியத்தில் மூலதனம் போட்டிருக்கும் கனவான்களும் அவர்களுக்குத் தாளம் போடும் மேதாவிகளும் சொல்லி வரும் வாதத்தின் சாரம் இதுதான்: மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பை இழுத்து எடுக்க வேண்டும், அந்த வசதி பெருநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கும், ஆகவே ஆம்புலன்ஸ் ஊழியர் நோயாளியின் வீட்டிலேயே நோயின் கடுமையை அளந்து ஓர் எண் போட்டுவிடட்டும், எண் பெரிதாக இருந்தால் தாலுகா ஆஸ்பத்திரி, ஜில்லா ஆஸ்பத்திரி எதிலும் நிற்காமல் வண்டி நேரே பட்டணத்துக்கு ஓடட்டும். இதன் வாலாக இன்னொன்றும் வருகிறது. அப்படியிருக்க, நடுவழியில் கிடக்கும் சிறு ஆஸ்பத்திரிகளுக்குப் பணத்தைக் கொட்டுவானேன்?

இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கத்தில் நின்று கூச்சலிடுகிறது. ஆம்புலன்ஸ் ஊழியருக்கு என்ன தெரியும்? தூக்கி ஏற்றுவதும் கொண்டுபோய் இறக்குவதும்தானே அவர் வேலை? நோயை அளப்பது டாக்டரின் வேலை, அல்லது எங்கள் கம்பெனி விற்கும் கருவியின் வேலை என்கிறது.

இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றும். ஆனால் போய்ச் சேரும் இடம் ஒன்றே. ஒன்று, கிராமத்துக்கு அருகில் இருக்கும் பொது ஆஸ்பத்திரியைக் கணக்கிலிருந்து தள்ளுகிறது. மற்றொன்று, அந்தக் கிராமத்து வீட்டின் வாசலுக்கு முதலில் வந்து நிற்கும் தொழிலாளியின் அறிவைத் தள்ளுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்ல விரும்புகிறோம். கோபத்தால் அல்ல, நடந்து முடிந்த சோதனைகளைக் கொண்டே சொல்கிறோம்.

நிமிஷக் கணக்கு

பக்கவாதம் இரண்டு வகை. ஒன்றில் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்கிறது. மற்றொன்றில் குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிகிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றே: வாய் கோணும், கை விழும், பேச்சுக் குழறும். உள்ளே நடப்பதோ நேர்மாறு. அடைப்புக்குக் கொடுக்கும் மருந்தைக் கசிவுக்குக் கொடுத்தால் ஆள் போய்விடுவார். எது எது என்று பிரித்துச் சொல்லத் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும். இந்தக் காரணத்தால்தான், வாதம் அடித்தவருக்கு வீட்டிலேயே ஆஸ்பிரின் மாத்திரையை நுணுக்கிக் கொடுக்காதீர்கள், வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள் என்று நாமும் எச்சரிக்கிறோம். விழுங்கும் சக்தி போயிருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கும்.

பெரிய குழாய் அடைபட்டவரின் மூளையில் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-ல் ஓர் அமெரிக்க நரம்பியல் டாக்டர் கணக்கிட்டுக் காட்டினார். அடைப்பைக் கரைக்கும் ஊசி பயன் தரும் என்பது 1995-ல் நிரூபணமாயிற்று. முதலில் 3 மணி நேரத்துக்குள் என்றார்கள்; 2008-ல் வந்த ஆராய்ச்சிக்குப் பின் நாலரை மணி நேரம் என்று எல்லை நீண்டது. கம்பி விட்டு அடைப்பை எடுக்கும் முறை 2015-ல் பல நாடுகளின் சோதனைகளில் வரிசையாக வெற்றி கண்டது. 2018-க்குப் பின், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடப் பயன்படும் என்று தெரியவந்தது. இதெல்லாம் மகத்தான முன்னேற்றம். அதை மறுப்பவர்கள் அல்ல நாம். யாருக்குக் கிடைக்கிறது, எத்தனை நிமிஷத்தில் கிடைக்கிறது என்பதே நம்முடைய கேள்வி.

ஊழியர் எப்படி அளக்கிறார்?

வண்டி வாசலில் நிற்கிறது. ஊழியர் உள்ளே வருகிறார். அவர் கேட்கும் முதல் கேள்வியே எல்லாவற்றிலும் பெரிய கேள்வி: 'இவரைக் கடைசியாக நல்லபடியாகப் பார்த்தது எப்போது?' எப்போது கீழே கிடந்ததைக் கண்டீர்கள் என்பதல்ல, எப்போது வரை சரியாக இருந்தார் என்பது. ராத்திரி 10 மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தவர் காலை 5 மணிக்குக் கை விழுந்த நிலையில் எழுந்தால், கணக்கு ராத்திரி 10-லிருந்து ஓடுகிறது. இந்த ஒரு பதிலைச் சரியாக வாங்கி வரத் தவறினால் ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதா, வேண்டாமா என்று முடிவெடுப்பது மிகவும் கடினமாகிவிடும். அந்த நேரத்தில் வீட்டில் அழுகையும் கூச்சலுமாக இருக்கும். ஆளுக்கொரு நேரம் சொல்லுவார்கள். மருமகளைத் தனியே அழைத்து, 'டி.வி.யில் எந்த நிகழ்ச்சி ஓடும்போது பேசினார்?' என்று கேட்டு நேரத்தைப் பிடிக்கிற சாமர்த்தியம் எந்தக் கருவிக்கும் இல்லை.

பிறகு விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்க்கிறார். சர்க்கரை மிகவும் தாழ்ந்தவருக்கும் வாதம் போலவே கை விழும், பேச்சுக் குழறும். அது வேறு நோய், வேறு மருந்து.

அதன்பின் முகம், கை, பேச்சு. பல்லைக் காட்டச் சொல்வது. கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டச் சொல்வது. ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் 1990-களின் பிற்பகுதியில் வகுத்த முறை இது. நரம்பியல் டாக்டர்கள் படுக்கையருகே நின்று பார்க்கும் நீண்ட பட்டியலிலிருந்து மூன்றே மூன்று அறிகுறிகளைப் பிரித்தெடுத்து ஊழியர் கையில் கொடுத்தார்கள். பக்கவாதமா, இல்லையா என்பதற்கு இது போதும். எவ்வளவு கடுமை என்பதற்குப் போதாது.

கடுமையை அளக்கத்தான் அடுத்த முயற்சிகள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு முறை உண்டு: முகத்துக்கு 1, நீட்டிய கைக்கு 2, கையின் பிடிக்கு 2, ஆக 5 எண்கள். 4-ம் அதற்கு மேலும் வந்தால் பெரிய குழாய் என்று சந்தேகி. ஆனால் நாம் இங்கே அதிகம் பேச விரும்புவது ஸ்பெயின் நாட்டின் கேடலோனியாவில் பிறந்து 2014-ல் வெளியான 'ரேஸ்' என்ற அளவுகோலைப் பற்றி. அது 9 எண்கள் கொண்டது. முகக் கோணலுக்கு 2 வரை. கையைத் தூக்கி 10 விநாடி நிறுத்த முடிந்தால் 0. அதற்குள் இறங்கினால் 1. தூக்கவே முடியாவிட்டால் 2. காலுக்கும் அப்படியே, ஆனால் 5 விநாடி. கண்ணும் தலையும் ஒரே பக்கமாகத் திரும்பி நின்றால் 1. கடைசி இரண்டு எண்ணில்தான் நுட்பம் இருக்கிறது. வலப்பக்கம் விழுந்தவரிடம், 'கண்ணை மூடுங்கள்', 'கையை இறுக்கி மூடுங்கள்' என்று சொல்லிப் பார்க்கிறார்கள். மொழி போய்விட்டதா என்று தெரியும். இடப்பக்கம் விழுந்தவரிடம், விழுந்த கையையே தூக்கிக் காட்டி, 'இது யாருடைய கை?' என்று கேட்கிறார்கள். தன் கையைத் தன் கை என்று அறியாத நோயாளிகள் உண்டு! 'இதை அசைக்க முடியுமா?' என்றால், அசையாத கையை வைத்துக்கொண்டு, 'முடியுமே' என்பார்கள். மூளையின் பெரும்பகுதிக்கு ரத்தம் நின்றுவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

மொத்தம் 5-க்குக் குறையாமல் வந்தால் பெரிய குழாய் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். சில நிமிஷ வேலை. செலவு ஒரு காசு இல்லை.

எவ்வளவு சரி?

357 நோயாளிகளிடம் ஊழியர்களே இந்த அளவுகோலைப் போட்டுப் பார்த்தார்கள். உண்மையில் பெரிய குழாய் அடைபட்ட 100 பேரில் 85 பேரை அது பிடித்தது. அடைப்பு இல்லாத 100 பேரில் 68 பேரை, 'இல்லை' என்று சரியாக ஒதுக்கியது. அப்படியானால் 100-க்கு 15 பேர் தப்பிப்போனார்கள். இல்லாத 100-ல் 32 பேர் வீணே சந்தேகிக்கப்பட்டார்கள்.

பார்த்தீர்களா, ஊழியரை நம்பினால் இப்படித்தான் என்று குதிக்கிறார்கள் இரண்டாம் கூட்டத்தார். அவசரப்பட வேண்டாம். நரம்பியல் டாக்டரே தன்னுடைய நீண்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாலும், ஸ்கேன் இல்லாமல் பெரிய குழாய் அடைப்பைத் தவறாமல் சொல்லிவிட முடியாது. குறை ஊழியரின் கண்ணில் இல்லை. நோய் மண்டை ஓட்டுக்குள் இருக்கிறது. நாம் வெளியே நிற்கிறோம். அதுதான் சங்கதி.

சீனத்தில் 2024-ல் முடிவு வெளியான ஒரு பெரிய சோதனை இதை வேறு வழியில் காட்டியது. 2,400-க்கு மேற்பட்ட நோயாளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப்பேருக்கு ஆம்புலன்சிலேயே ரத்த அழுத்தத்தைக் குறைக்க மருந்து கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பலன் பூஜ்யம். பிரித்துப் பார்த்தபோது, ரத்தம் கசிந்தவர்களுக்கு மருந்து நன்மை செய்திருந்தது. குழாய் அடைத்தவர்களுக்குத் தீமை செய்திருந்தது. இரண்டும் கழிந்து பூஜ்யம் வந்தது! வண்டிக்குள் டாக்டரே உட்கார்ந்திருந்தாலும் ஸ்கேன் இல்லாமல் இதைப் பிரித்திருக்க முடியாது. தலையில் மாட்டினால் விடை சொல்லும் கவசம், செல்போனில் முகத்தைக் காட்டினால் விடை சொல்லும் செயலி என்று விற்க வரும் வியாபாரிகளிடம் முதலில் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பிட்ஸ்பர்க் தந்த பாடம்

ஊழியருக்கு என்ன தெரியும் என்ற ஏளனம் புதிதல்ல. அதற்கு அமெரிக்காவிலேயே பதில் கிடைத்து அரை நூற்றாண்டு ஆகிறது.

1960-களில் பிட்ஸ்பர்க் நகரத்தின் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற நீக்ரோ மக்களின் சேரியில் — அந்தக் காலத்தில் வழங்கிய சொல் அது; இன்று கறுப்பின மக்கள் என்கிறோம் — நோயாளியைப் போலீஸ் வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். கைது செய்தவனை ஏற்றும் அதே வண்டி. முதல் உதவி ஏதும் தெரியாத போலீஸ்காரர். அமெரிக்காவின் எத்தனையோ ஊர்களில் பிணவண்டிதான் ஆம்புலன்சாகவும் ஓடிற்று. செத்தால் கிராக்கி, பிழைத்தாலும் கிராக்கி!

பீட்டர் சஃபார் என்ற மயக்க மருந்து நிபுணர், நின்றுபோன மூச்சைத் திரும்ப வரவழைக்கும் முறையை வகுத்தவர்களில் ஒருவர். அவர் துணையுடன் 1967-ல் 'பிரீடம் ஹவுஸ்' என்ற ஆம்புலன்ஸ் சேவை உருவாயிற்று. பயிற்சிக்கு எடுத்தவர்கள் யார்? அந்தச் சேரியின் வேலையற்ற கறுப்பின வாலிபர்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் இருந்தார்கள். 'இவர்களால் எதுவும் ஆகாது' என்று நகரம் கைகழுவியவர்கள். சுமார் 300 மணி நேரப் படிப்பு. அதன்பின் அவர்கள் மூச்சுக் குழாயில் குழாய் செருகினார்கள், இருதயத் துடிப்பின் கோட்டைப் படித்தார்கள், தெருவிலேயே உயிரைத் திருப்பினார்கள். 1974-ல் அதன் மருத்துவ அதிகாரியாக வந்த நான்சி கரோலின் என்ற பெண் டாக்டர், இவர்களிடம் சோதித்துப் பார்த்த பாடத்திட்டம்தான் அமெரிக்கா முழுவதற்கும் ஆம்புலன்ஸ் ஊழியர் பாடத்திட்டமாயிற்று.

இவர்களுக்கு என்ன பரிசு கிடைத்தது தெரியுமா? 1975-ல் நகர நிர்வாகம் அந்தச் சேவையை மூடியது. தன்னுடைய புதிய ஆம்புலன்ஸ் படையை வெள்ளையர்களைக் கொண்டு நிரப்பியது. பிரீடம் ஹவுஸ் ஊழியர்களில் பலர் வெளியே தள்ளப்பட்டார்கள்; சிலரை மருத்துவம் தொடாத வேலைகளில் போட்டார்கள். தொழிலைக் கற்றுக் கொடுத்தவர்களையே தொழில் தெரியாதவர்கள் என்றார்கள். ஊழியரால் முடியாது என்று இன்று பேசுகிறவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்று இப்போது விளங்கும்.

நேரே பட்டணத்துக்கா?

இனி முதல் கூட்டத்தாரிடம் வருவோம். இவர்கள் ஊழியரைப் புகழ்கிறார்கள், அளவுகோலையும் புகழ்கிறார்கள். எண் போடு, பட்டணத்துக்கு ஓடு என்கிறார்கள். நியாயம்போலத்தான் தோன்றுகிறது. கேடலோனியாவின் டாக்டர்களுக்கும் அப்படித் தோன்றியது. ஆனால் அவர்கள் தோன்றியதோடு நிற்காமல் சோதித்துப் பார்த்தார்கள்.

அங்கே ஆம்புலன்ஸ் சேவை பொது அதிகாரத்தின் கீழ் ஓடுகிறது. அடைப்பை இழுத்து எடுக்கும் ஆஸ்பத்திரிகள் பார்சிலோனாவைச் சுற்றியே குவிந்திருந்தன. மலைப்பகுதி, கடற்கரை, உள்நாட்டு ஊர்களில் இருந்த ஆஸ்பத்திரிகளில் ஸ்கேனும் உண்டு, கரைக்கும் ஊசியும் உண்டு, கம்பி முறை மட்டும் இல்லை. 2017 மார்ச் முதல் 2020 ஜூன் வரை, இந்த ஊர்களில் 'ரேஸ்' அளவுகோலில் 5-ம் அதற்கு மேலும் வாங்கிய 1,401 பேரை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கிய மாதிரி, ஒரு பகுதியினரை அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கும், மறு பகுதியினரை அதைத் தாண்டி நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனார்கள். 90 நாள் கழித்து யார் நடக்கிறார், யார் படுத்திருக்கிறார், யார் இல்லை என்று பார்த்தார்கள்.

2022-ல் முடிவு வெளியாயிற்று. வித்தியாசம் இல்லை! குழாய் அடைப்பு என்று உறுதியான 949 பேரில் இரு பகுதியினரும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். இறந்தவர்கள் இரு பக்கமும் 100-க்கு 27 பேர். நேரே போனவர்களில் கம்பி முறை அதிகம் பேருக்குக் கிடைத்தது: 100-க்கு 49 பேர், அருகே போனவர்களில் 39. ஆனால் கரைக்கும் ஊசி, அருகே போனவர்களில் 60 பேருக்குக் கிடைக்க, நேரே போனவர்களில் 48 பேருக்குத்தான் கிடைத்தது. ஒரு கையில் கிடைத்ததை மறு கையில் இழந்தார்கள்.

இன்னும் கேளுங்கள். 1,401 பேரில் 302 பேர் குழாய் அடைப்பே இல்லாதவர்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்தவர்கள். அளவுகோல் அவர்களுக்கும் பெரிய எண்தான் போட்டது. வேறு என்ன செய்யும்? அவர்களைப் பற்றிய தனிக் கணக்கு 2023-ல் வந்தது. அருகிலுள்ள ஆஸ்பத்திரியைத் தாண்டி நெடுந்தூரம் போனவர்களின் கதி, அருகே இறங்கியவர்களைவிட மோசமாக இருந்தது. வழியில் வாந்தியும் மூச்சுத் திணறலும். கம்பி முறையால் பலன் பெறவே முடியாத ஒரு மனிதரை, கம்பி முறைக்காகவென்று மணிக்கணக்கில் வண்டியில் குலுக்கிக்கொண்டு போனதன் விளைவு அது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்பதா? அல்ல. பக்கத்திலேயே இருந்தால் அங்கே போவதுதான் முறை. அளவுகோல் பயனற்றது என்பதா? அதுவும் அல்ல. கேடலோனியாவில் ஏன் வித்தியாசம் வரவில்லை என்று பாருங்கள். அங்கே அருகிலுள்ள ஆஸ்பத்திரி செத்த ஆஸ்பத்திரி அல்ல. வண்டி புறப்படும்போதே செய்தி போகிறது. 2006-லிருந்தே கேடலோனியா முழுவதற்கும் பக்கவாதத்துக்கென்று ஒரே அவசர ஏற்பாடு உண்டு. ஸ்கேன் அறை காத்திருக்கிறது, ஊசி உடனே ஏறுகிறது, கம்பி முறை வேண்டியவர் அடுத்த வண்டியில் மேலே போகிறார். சிறு ஆஸ்பத்திரி பலமாக இருந்ததால் சிறு ஆஸ்பத்திரி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சமமாக நின்றது. இதுதான் 1,401 பேரின் உடம்பில் எழுதப்பட்ட முடிவு. இதைப் படித்துவிட்டு யாராவது, சிறு ஆஸ்பத்திரிக்குப் பணம் வீண் என்று சொல்வாரானால் அவரைப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்ல மாட்டோம். படித்ததை மறைக்கிறவர் என்றே சொல்வோம்.

அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் ஸ்கேனும் இல்லை, ஊசியும் இல்லை என்றால்? அப்போது தாண்டித்தான் போகவேண்டும். வேறு வழி கிடையாது. ஆனால் அது ஊழியரின் எண் சொன்ன தீர்ப்பல்ல. நிதி ஒதுக்காதவர் சொன்ன தீர்ப்பு.

டாலர் வண்டி

அளவுகோலை முதலில் வகுத்த அமெரிக்காவிலேயே அதன் கதியைப் பாருங்கள். அளவுகோல் பயன்பட வேண்டுமானால் முதலில் யாராவது வண்டியைக் கூப்பிட வேண்டுமல்லவா? வண்டியில் ஏறினால் பில் வரும் என்று பயந்து, வாய் கோணிய மனிதனை வாடகைக் காரில் போட்டுக்கொண்டு போகும் நாடு அது. நோயாளிக்குத் தெரியாமல் எகிறும் மருத்துவ பில்களைத் தடுக்க அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். 2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. ஆகாய ஆம்புலன்ஸ் அதில் சேர்ந்தது. தரையில் ஓடும் ஆம்புலன்சை வெளியே விட்டுவிட்டார்கள்! ஆயிரத்தில் ஒருவர் ஏறும் விமானத்துக்குச் சட்டம். ஊரெல்லாம் ஏறும் வண்டிக்கு இல்லை.

2016 பிப்ரவரியில் நியூயார்க்கில் டிரான்ஸ்கேர் என்ற ஆம்புலன்ஸ் கம்பெனி திவாலாகி, திடீரென்று கதவைச் சாத்தியது. முதலீட்டு நிறுவனம் ஒன்றின் கையில் இருந்த கம்பெனி அது. பிராங்ஸ், மன்ஹாட்டன் பகுதிகளில் நகரத்தின் அவசர அழைப்புகளுக்கு ஓடிய வண்டிகளும் அதில் சேர்ந்தவை. ஊழியர் வேலையிழந்தார்கள், நகரத்தின் தீயணைப்புத் துறை இடத்தை நிரப்ப ஓடியது. முகம், கை, பேச்சு எல்லாம் நன்றாகத் தெரிந்த ஊழியர்தான். ஏற வண்டி இல்லை.

ஓடும் ஸ்கேன்

ஸ்கேன் இல்லாமல் பிரிக்க முடியாதென்றால் ஸ்கேனையே வண்டியில் ஏற்றினால் என்ன? ஜெர்மனியில் சார்லாந்து மாநிலத்தின் ஹோம்பர்க் நகரில் 2008-ல் இதைத் தொடங்கினார்கள். பெர்லினில் 2011 முதல் ஓடுகிறது. இந்த வண்டி போன இடங்களில் நோயாளிகள் அதிகம் தேறினார்கள் என்று 2021-ல் கணக்கு வந்தது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அசாமில் ஓட்டிப் பார்த்து, 2025-ல் வண்டிகளை அந்த மாநில சர்க்காரிடம் ஒப்படைத்தது. அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே ரத்தக் கொதிப்பு மிகுதி என்பது பழைய செய்தி. உப்புப் போட்ட தேநீரைக் குடித்து வெயிலில் உழைக்கும் ஜனங்கள் அவர்கள். அந்த மண்ணில் இந்த வண்டி பொதுப் பணத்தில் ஓடியது என்பதை வரவேற்கிறோம். ஆனால் விலை உயர்ந்த சாதனம் அது. எண்ணிக்கை சிலவாகத்தான் இருக்கும். மற்ற எல்லா ஊரிலும் ஊழியரின் கண்ணும் கையும்தான் முதல் ஸ்கேன்.

108-ம் நாமும்

நம் கதை என்ன? 108 சேவை 2005 ஆகஸ்டு 15-ல் ஹைதராபாத்தில் தொடங்கி, தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. தொடங்கி வைத்தவர் சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவர். 2009 ஜனவரியில் அவரே தம் கம்பெனிக் கணக்கில் செய்த புரட்டை ஒப்புக்கொண்டார், நாடே சிரித்தது. 108 இன்னொரு முதலாளிக் குழுமத்தின் கைக்குப் போயிற்று. பணம் சர்க்காருடையது, நோயாளி ஜனங்களுடையவர், ஊழியரின் எஜமான் மட்டும் நடுவில் ஒருவர்! ஓட்டுநருக்கு 'பைலட்' என்று பெயர் சூட்டினார்கள். பெயரில் ஆகாயம், சம்பளத்தில் தரை. 12 மணி நேர வேலையை எதிர்த்து, 8 மணி நேரம் கேட்டு இந்த ஊழியர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வந்திருக்கிறார்கள்.

இது சம்பளத் தகராறு, வைத்தியத்துக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் உண்டு. 11-வது மணி நேரத்தில், சாப்பிடாமல், ஏழாவது அழைப்புக்கு ஓடிவந்த ஊழியர் 10 விநாடி எண்ண வேண்டும். கிழவியின் கை எட்டாவது விநாடியில் இறங்கிற்றா, 11-வதில் இறங்கிற்றா என்று பார்க்க வேண்டும். கண்கள் ஒரு பக்கம் திரும்பி நிற்பதைக் கவனிக்க வேண்டும். 'இது யாருடைய கை, பாட்டி?' என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். அளவுகோலின் 9 எண்ணும் தூக்கம் இல்லாத கண்ணில்தான் போய் முடிகிறது.

ஆகவே நாம் கேட்பவை சொற்பம்தான். ஆனால் ஒவ்வொன்றும் நாளையே தொடங்கக்கூடியது. கடுமையை அளக்கும் பயிற்சி, வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு, ஆண்டுதோறும் நடக்க வேண்டும். ஊழியர் சொன்ன எண்ணும், 'கடைசியாக நன்றாக இருந்த நேரமும்' வண்டி வருமுன்பே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஸ்கேன் அறையில் ஆள் எழுந்து நிற்க வேண்டும். 1994-ல் நிறுவிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற பொதுத்துறை அமைப்பு ஸ்கேன் இயந்திரங்களைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் வைத்து நடத்தத் தெரிந்த அமைப்பு. இயந்திரம் உள்ள இடமெல்லாம் ராத்திரியும் ஞாயிறும் படம் எடுக்க ஆள் வேண்டும். கரைக்கும் மருந்து அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் அலமாரியில் இருக்க வேண்டும். பழைய மருந்தை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியிருந்தது; டெனெக்டிபிளேஸ் என்ற மருந்தை ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம், பழையதற்கு அது தாழ்ந்ததல்ல என்று 2022-ல் கனடாவில் நிரூபித்தார்கள். சிறு ஆஸ்பத்திரியால் முடியாது என்ற சாக்கு அத்தோடு பாதி போயிற்று.

இன்னொன்று, இதை எந்தத் திட்ட அறிக்கையிலும் முன்வரிசையில் காண்பதில்லை. நோயாளியை இறக்கிவிட்டு வண்டி திரும்பிவிடுகிறது. தான் போட்ட எண் சரியா, உள்ளே அடைப்பா, கசிவா, ஊசி ஏறிற்றா, மனிதர் பிழைத்தாரா என்று ஊழியருக்கு யாரும் சொல்வதில்லை. விடை தெரியாமல் எத்தனை வருஷம் கணக்குப் போட்டாலும் கணக்கு வருமா? மாதத்துக்கு ஒரு முறை, ஊழியர் போட்ட எண்ணையும் ஸ்கேன் சொன்ன முடிவையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, அந்த ஜில்லாவின் வண்டி ஊழியர் அனைவருக்கும் கொடுக்க வேண்டும். ஒரு குமாஸ்தாவின் அரைநாள் வேலை இது. அடுத்த பேச்சுவார்த்தையில் கூலி, வேலை நேரம் ஆகியவற்றோடு இந்தக் கோரிக்கையையும் ஊழியர் சங்கங்கள் எழுத்தில் வைக்கட்டும்.